வேகவைத்த விதைகள் முளைக்குமென்று காத்திருந்த ஒன்பது நாள்கள்

விதைத்து இருபத்திரண்டு நாளாகியும் மிளகாய்த் தட்டில் ஒரு பச்சைப் புள்ளிகூடத் தலைகாட்டவில்லை. அறையின் வெப்பநிலை பகலில்கூட 17 டிகிரி செல்சியஸைத் தாண்டாத குளிர்ப் பருவம் அது. காலையில் எழுந்ததும் தட்டை மூடியிருந்த பிளாஸ்டிக் தாளைத் தூக்கிப் பார்ப்பேன். பொறுக்கமாட்டாமல் தீக்குச்சியால் மண்ணைக் கிளறி ஒரு விதையை வெளியே எடுப்பேன். அது ஊறியிருக்கிறதே தவிர முளை காட்டவில்லை என்று கண்டு மீண்டும் புதைப்பேன். இந்தப் பொறுமையின்மைதான் என்னைச் சமையலறைப் பக்கம் திருப்பியது. அடுத்த இரண்டு மாதங்களில் மூன்று மின்சாதனங்களை மாற்றி மாற்றி வைத்து விதை முளைக்கவைக்க முயன்று, நான்கு பொட்டலம் விதையையும், நான்கு ஆண்டுகளாக ஒரே செடியின் வழியில் எடுத்துச் சேமித்துவந்த மிளகாய் விதையில் பெரும்பகுதியையும், ஒரு நாற்றுப் பருவத்தையும் தொலைத்தேன். கடைசியில் ஒரு வழி பிடிபட்டது. அது மிக எளிமையான வழி. யாராவது முன்பே இரண்டு நிமிடம் பேசியிருந்தால் இவ்வளவு இழப்பும் நேர்ந்திருக்காது என்பதால் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

விதைக்கு என்ன வேண்டும் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் அதைத் தெரிந்துகொள்ளாமலேயே நான் சாதனத்தைத் தேடிப் போனேன். மிளகாய், கத்தரி, தக்காளி மூன்றும் ஒரே குடும்பத்துச் செடிகள். மூன்றுமே வெதுவெதுப்பான மண்ணை விரும்புபவை. மிளகாய் விதை 15 டிகிரியில் முளைக்க ஏறத்தாழ 25 நாள் எடுத்துக்கொள்ளும். 20 டிகிரியில் 12 அல்லது 13 நாள் ஆகும். 25 முதல் 30 டிகிரி வரை கிடைத்தால் எட்டு நாளில் முளைத்துவிடும். 35 டிகிரியைத் தொட்டால் மீண்டும் தயங்கத் தொடங்கும். 40 டிகிரியில் முளைக்கவே முளைக்காது. தக்காளிக்கு 25 முதல் 30 டிகிரியில் ஆறு நாள் போதும், 15 டிகிரியிலோ இரண்டு வாரம் வேண்டும். கத்தரி 30 டிகிரியில் ஐந்து நாளில்கூட முளைக்கும். தண்ணீரை உறிஞ்சிய விதைக்குள் முளைவேரின் நுனியை மூடியிருக்கும் கெட்டியான திசு நொதிகளால் இளகினால்தான் வேர் அதைக் கிழித்துக்கொண்டு வெளியே வர முடியும். குளிரில் இந்த வேலை நத்தை வேகத்தில் நடக்கும். ஆக என் மிளகாய்த் தட்டில் ஒரு குறையும் இருக்கவில்லை. அந்தக் குளிருக்கு அது சரியான நேரக் கணக்கில்தான் போய்க்கொண்டிருந்தது. இது தெரியாமல் இருபத்திமூன்றாம் நாள் தட்டை அப்படியே ஒரு காலித் தொட்டியில் கவிழ்த்துவிட்டேன். ஒரு வாரம் கழித்து அந்தத் தொட்டியின் ஓரத்தில் இரண்டு மிளகாய் நாற்றுகள் கொக்கி போல வளைந்து எழுந்து நின்றதைப் பார்த்தபோது ஏற்பட்ட எரிச்சலை இன்னும் மறக்கவில்லை. முதல் பொட்டலம் இப்படிப் போயிற்று. அதற்குள் நான் ரைஸ் குக்கரிடம் போயிருந்தேன்.

நாற்றுத் தட்டின் அடியில் விரிப்பதற்கென்றே தாழ்ந்த வெப்பம் தரும் மின்பாய்கள் கிடைக்கின்றன. ஒரு கைப்பிடி விதைக்காக ஒரு பாயா என்று கை இழுத்தது. வந்து சேரவும் நாளாகும் என்று தோன்றியது. வீட்டிலேயே ரைஸ் குக்கர் இருந்தது, அதில் 'வார்ம்' என்று ஒரு விளக்கும் இருந்தது. சேமித்து வைத்திருந்த அறுபது மிளகாய் விதைகளில் நாற்பத்தாறை எண்ணி எடுத்து, ஈரமான டிஷ்யூ தாளில் பரப்பி மடித்து, ஒரு சிறிய எவர்சில்வர் டப்பாவில் வைத்து மூடினேன். குக்கர் பாத்திரத்தில் இரண்டு விரற்கடை உயரத்துக்குத் தண்ணீர் ஊற்றி, டப்பாவை உள்ளே இறக்கி, வார்ம் விளக்கு எரியும்படி வைத்துவிட்டுப் படுக்கப் போனேன். போவதற்கு முன் குக்கரின் வெளிப்புறத்தைத் தொட்டும் பார்த்தேன். கைக்கு இதமாக இருந்தது. கைக்கு இதமாக இருந்தால் விதைக்கும் இதமாகத்தானே இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

பத்து மணி நேரம் கழித்துக் காலையில் டப்பாவைத் திறந்தவுடன் மூக்கில் ஏறியது மிளகாயை ஆவியில் வேகவைத்த மணம். முந்தைய இரவு வெளிர்மஞ்சளாக, தட்டையாக, காசுபோல இருந்த விதைகள் பழுப்பாகி உப்பியிருந்தன. டிஷ்யூ தாளிலும் அவற்றைச் சுற்றித் தேநீர்க் கறை போல வட்டமான கறைகள். ஒன்றை எடுத்து நகத்தால் அழுத்தினேன். நல்ல விதையை அப்படி அழுத்திப் பிளந்தால் உள்ளே சுருண்டு கிடக்கும் முளைக்கரு வெண்மையாக, கெட்டியாகத் தெரியும். இது கண்ணாடி போன்ற கூழாகப் பிதுங்கி விரலில் ஒட்டியது. இவ்வளவையும் பார்த்த பிறகும் நான் அதை ஒப்புக்கொள்ளவில்லை என்பதைச் சொல்லத்தான் வேண்டும். மற்ற விதைகள் தப்பியிருக்கலாம் என்று அந்த நாற்பத்தைந்தையும் மண்ணில் போட்டு, தண்ணீர் தெளித்து, ஒன்பது நாள் காத்திருந்தேன். பத்தாம் நாள் தோண்டிப் பார்த்தபோது வெறும் தோல்கள்தான் இருந்தன, அவற்றின்மேல் சாம்பல் நிறப் பூஞ்சை படர்ந்திருந்தது. நான்கு ஆண்டுச் சேமிப்பு ஒரே இரவில் போன துக்கத்தைவிட, செத்த விதைக்கு ஒன்பது நாள் தண்ணீர் ஊற்றினேனே என்ற வெட்கமே அதிகமாக இருந்தது. முன்பே எதற்கோ தனியாகச் சிறு உறையில் போட்டு வைத்திருந்த பதினான்கு விதைகள் மட்டும் மிஞ்சின. அவற்றை இனி எந்தச் சோதனைக்கும் எடுப்பதில்லை, வழி உறுதியானபின் கடைசியாகத்தான் எடுப்பது என்று அன்று முடிவு செய்தேன். எல்லாத் தவறுகளுக்கும் நடுவே நான் எடுத்த ஒரே நல்ல முடிவு அதுதான்.

அதன் பிறகுதான் ஒரு டிஜிட்டல் தெர்மாமீட்டர் வாங்கினேன். கம்பியின் நுனியில் சிறு உணர்முனை உள்ள, எளிய வகை. குக்கரில் அதே டப்பாவை, அதே தண்ணீரை, விதை இல்லாத ஈர டிஷ்யூவை வைத்து அளந்தபோது 68 டிகிரி காட்டியது. குக்கரில் கோளாறு ஏதும் இல்லை. சமைத்த உணவில் கிருமிகள் பெருகாமல் இருக்க அதை 60 டிகிரிக்கு மேல் வைத்திருக்க வேண்டும். அதற்காகத்தான் அந்த வார்ம் அமைப்பே இருக்கிறது. அதாவது, உயிருள்ள எதுவும் உள்ளே வளரக் கூடாது என்பதற்காகத் தேர்ந்தெடுத்த சூட்டுக்குள் உயிருள்ள விதையை வைத்து, அது வளரும் என்று எதிர்பார்த்திருக்கிறேன். மெதுவாகச் சமைக்கும் ஸ்லோ குக்கரின் வார்ம் நிலையும், உணவைச் சூடாக வைக்கும் தட்டுகளும் இதே நோக்கத்துக்காகச் செய்யப்பட்டவைதாம் என்பதால் அவற்றையும் இந்த வேலைக்கு அப்படியே பயன்படுத்த முடியாது. விதை அவ்வளவு மென்மையானதா என்றால், அதுவும் இல்லை. நோய்க்கிருமிகளை அழிப்பதற்காகத் தக்காளி விதையை 50 டிகிரி வெந்நீரில் 25 நிமிடம் வைத்து எடுக்கும் விதை நேர்த்தி முறை உண்டு. மிளகாய் விதைக்கு அதைவிடச் சற்றே கூடுதலான சூட்டில் 30 நிமிடம். அதைத் தாங்கி விதை முளைக்கிறது. ஆனால் அங்கே நிமிடக் கணக்கும் டிகிரிக் கணக்கும் கறாராகப் பின்பற்றப்படுகின்றன, முடிந்தவுடன் குளிர்ந்த நீரில் அலசிவிடுகிறார்கள். என்னுடையதோ ஊறிய விதைக்கு 68 டிகிரியில் பத்து மணி நேரம்.

தெர்மாமீட்டர் கற்றுத்தந்த இன்னொரு செய்தியைத்தான் இந்த அனுபவத்தில் நான் மிகப் பெரிதாக நினைக்கிறேன். விதைக்குச் சரியான சூடு கைக்குச் சூடாகவே தெரியாது. நம் உள்ளங்கையின் தோல் ஏறத்தாழ 32, 33 டிகிரியில் இருக்கிறது. 28 டிகிரியில் உள்ள ஈர டிஷ்யூவைத் தொட்டால் அது லேசாகக் குளிர்வதுபோலத்தான் இருக்கும். கைக்கு வெதுவெதுப்பாகப் பட்டுவிட்டாலே அது 36, 38 என்று விதையின் எல்லையைத் தாண்டியிருக்கும் வாய்ப்பு அதிகம். இளஞ்சூடு, கதகதப்பு, வெதுவெதுப்பு என்று நம் மொழியில் அழகழகான சொற்கள் இருக்கின்றன. அவை எல்லாம் நம் தோல் சொல்லும் கணக்கு. விதை வேலைக்கு எண் வேண்டும். அந்த எண்ணும் விதை கிடக்கும் இடத்திலேயே, ஈர டிஷ்யூவின் மடிப்புக்குள்ளேயே எடுத்ததாக இருக்க வேண்டும். டப்பாவின் வெளிச்சுவரிலோ, மேலே உள்ள காற்றிலோ எடுத்த அளவு உதவாது; திறந்த ஈர மண்ணின் மேற்பரப்பு, நீர் ஆவியாவதால், சுற்றியுள்ள காற்றைவிட இரண்டு மூன்று டிகிரி குறைவாக இருப்பதை நானே அளந்து பார்த்தேன்.

அடுத்து ஓவன். அடுப்பாக அதைப் பயன்படுத்தாமல், உள்ளே இருக்கும் விளக்கை மட்டும் எரியவிட்டு அந்தச் சூட்டைப் பயன்படுத்தும் முறை இது. எங்கள் ஓவனில் மஞ்சளாக எரியும் பழைய இழை பல்பு இருப்பதால் இது சாத்தியமாயிற்று, எல்.இ.டி. விளக்கு உள்ள ஓவனில் இந்த முறையால் பயனில்லை, ஏனெனில் அதிலிருந்து சூடு மிகக் குறைவாகவே வரும். அளந்து பார்த்தபோது விளக்கின் அருகே 36 டிகிரியும், கீழ்த்தட்டின் எதிர்மூலையில் 29 டிகிரியும் இருந்தன. ஒரே பெட்டிக்குள் ஏழு டிகிரி வித்தியாசம் என்பதால், எங்கே வைக்கிறோம் என்பதே முளைப்பைத் தீர்மானிக்கும் என்று புரிந்து, கீழ்மூலையில் குழித்தட்டுகளை வைத்தேன். ஒரு பொட்டலம் கத்தரி, ஒரு பொட்டலம் தக்காளி. கதவில் 'உள்ளே விதை' என்று தாள் ஒட்டினேன். வீட்டில் உள்ளவர்கள் முணுமுணுத்தபடியே அந்த வாரம் ஓவனைத் தொடாமல் விட்டுக்கொடுத்தார்கள். இரண்டாம் நாள் வரை எல்லாம் சரியாகப் போயிற்று. மூன்றாம் நாள் வெளியூர் போய்விட்டு மறுநாள் மாலை திரும்பி வந்து பார்த்தபோது மண் பொரிந்து, குழியின் ஓரங்களை விட்டு விலகி நின்றது. வெதுவெதுப்பான காற்று ஈரத்தை எவ்வளவு வேகமாக உறிஞ்சும் என்பதை நான் யோசிக்கவே இல்லை. தட்டுக்கு மூடியும் போடவில்லை. ஊறிய விதை முளை விடுவதற்கு முன் காய்ந்தால் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும், ஆனால் முளைவேர் வெளியே நீட்டிய பிறகு காய்ந்தால் அதோடு சரி. தக்காளியில் பல அந்த நிலையில்தான் இருந்தன. வெள்ளை வேர் நுனிகள் பழுப்பு நூலாகச் சுருண்டிருந்தன. தண்ணீர் ஊற்றிய பிறகு கத்தரியில் நான்கு மட்டும் எழுந்தன. இரண்டு பொட்டலமும் பத்து நாளும் நட்டம்.

இந்த இடத்தில் நிறுத்தியிருப்பேன். சமையலறையில் வேறு எந்தச் சாதனம் மிச்சம் என்று பார்த்தபோது, அலமாரியின் மேல்தட்டில் பல மாதங்களாகத் தூசி படிந்து கிடந்த தயிர் மேக்கர் கண்ணில் பட்டது. குக்கரின் சூடு கிருமி வளராமல் இருப்பதற்கு என்றால், இந்த ஒன்று மட்டும் கிருமி வளர்வதற்கென்றே செய்யப்பட்டது என்பது அப்போதுதான் உறைத்தது. பாலைத் தயிராக்கும் பாக்டீரியாக்கள் 42, 43 டிகிரியில் நன்றாகப் பெருகும். அதனால் இந்தச் சாதனம் அந்த வெப்பத்தை ஒட்டியே நிற்கும். விதைக்கு அது இன்னும் அதிகம்தான், ஆனால் 68-ஐ 28-க்குக் கொண்டுவருவதைவிட 43-ஐ 30-க்குக் கொண்டுவருவது எளிது. மின்சாரச் செலவும் மிகக் குறைவு. என்னுடையது ஒரு சிறு இரவு விளக்கின் அளவு, 15 வாட் மட்டுமே எடுக்கும்.

இந்த முறை விதையைத் தொடுவதற்கு முன் ஒரு முழு நாளைச் சோதனைக்கு ஒதுக்கினேன். கண்ணாடிக் கிண்ணங்களை எடுத்துவிட்டு, உள்தளத்தில் ஈர டிஷ்யூ வைத்த டப்பாவை நேராக வைத்து மூடியபோது இரண்டு மணி நேரத்தில் 42 டிகிரி ஆயிற்று. டப்பாவுக்கு அடியில் நாலாக மடித்த பருத்தித் துணியை வைத்தபோது 37. துணியோடு, சாதனத்தின் மூடியை ஒரு கரண்டிக் காம்பின் மேல் சாய்த்து ஒரு பக்கம் இடைவெளி விட்டபோது 33. இடைவெளியை இன்னும் சற்று அகலமாக்கியபோது 30-இல் வந்து நின்றது. ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் குறைந்தது இரண்டு மணி நேரம் விட்டுத்தான் அளவைக் குறித்துக்கொண்டேன். அவசரப்பட்டு அரை மணியில் பார்த்தால் ஏறிக்கொண்டிருக்கும் சூட்டை நின்றுவிட்ட சூடு என்று நம்பிவிடுவோம். உங்கள் சாதனத்தில் இந்த எண்கள் வேறாக இருக்கும், அறை குளிரும் வேறாக இருக்கும், ஆகவே என் துணி மடிப்பை அப்படியே பின்பற்றாதீர்கள். அந்தச் சோதனை நாளை மட்டும் தவறவிடாதீர்கள்.

இரவில் என்ன செய்வது என்பது அடுத்த கேள்வி. இரவெல்லாம் மின்சாதனத்தை எரியவிட்டுத் தூங்க மனம் வரவில்லை. துணியும் ஈரமும் மின்சாரமும் ஒரே இடத்தில் இருப்பது நல்லதல்ல. விதைச் சோதனைக் கூடங்களில் தக்காளி, கத்தரி, மிளகாய் விதைகளின் முளைப்புத்திறனைச் சோதிக்கும்போது ஒரு நாளில் 16 மணி நேரம் 20 டிகிரியும் 8 மணி நேரம் 30 டிகிரியுமாக மாற்றி மாற்றி வைப்பதும் அங்கீகரிக்கப்பட்ட முறைதான் என்று படித்தபோது என் பாரம் இறங்கியது. இயற்கையில் மண்ணும் பகலில் சூடாகி இரவில் குளிரத்தானே செய்கிறது. ஆகவே நான் விழித்திருக்கும் நேரத்தில் மட்டும் சாதனத்தை இயக்கி, படுக்கப் போகும்முன் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, டப்பாவைத் தடிமனான துண்டில் சுற்றி வைத்தேன். காலையில் 20 டிகிரிக்குச் சற்றுக் கீழே இருக்கும். பிளக்கைச் செருகினால் மீண்டும் ஏறும். ஆள் இல்லாத நேரத்தில் இயக்காதீர்கள். துணியை உள்ளே டப்பாவின் அடியில் வைப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். சாதனத்தையே துணியால் போர்த்தவோ அடிப்பகுதியின் காற்றுத் துளைகளை அடைக்கவோ கூடாது. சூட்டைக் குறைக்கிறேன் என்று அதைக் கழற்றி உள்ளே கை வைப்பதும் வேண்டாம்.

பொட்டலத்தில் வரும் விதைகள் சில இளஞ்சிவப்பு, பச்சை, நீலம் என்று சாயம் பூசியதுபோல இருக்கும். அது அழகுக்கானதல்ல, பூஞ்சைக்கொல்லி போன்ற மருந்து பூசிய விதை என்பதற்கான அடையாளம். அத்தகைய விதைகளை நாளை நாம் உணவு வைக்கப்போகும் எந்தப் பாத்திரத்துக்குள்ளும் வைக்கக் கூடாது. எந்த விதையானாலும், டப்பாவையும் அடித் துணியையும் இந்த வேலைக்கென்றே தனியாக ஒதுக்கிவிடுவது நல்லது. நான் பழைய பிளாஸ்டிக் டப்பா ஒன்றை அப்படி ஒதுக்கி அதன்மேல் பெரிதாக 'விதை' என்று எழுதிவிட்டேன்.

புதிதாக வாங்கிய ஒரு பொட்டலம் கத்தரி விதையில்தான் முதல் முயற்சி. டிஷ்யூவை நனைத்து, பிழிந்து, இனிச் சொட்டாது என்ற நிலையில் விதைகளை ஒன்றோடொன்று ஒட்டாமல் பரப்பினேன். ஈரம் போதாது என்று தண்ணீர் தேங்கவிட்டால் விதைக்குக் காற்று கிடைக்காது; முளைக்கும் விதை மூச்சு விடுகிறது, நீரில் மூழ்கினால் திணறி அழுகிவிடும். நாளுக்கு ஒருமுறை டப்பாவைத் திறந்து, மடிப்பைப் பிரித்து ஒரு நிமிடம் காற்று வாங்கவிட்டு, காய்ந்த இடத்தில் நாலு சொட்டு தெளித்து மூடினேன். வெதுவெதுப்பும் ஈரமும் விதைக்குப் பிடிப்பதுபோலப் பூஞ்சைக்கும் பிடிக்கும் என்பதால், புசுபுசுவென்று வெள்ளைப் படலம் கட்டிய விதை தென்பட்டால் உடனே எடுத்து எறிந்துவிட்டு டிஷ்யூவை மாற்ற வேண்டும். தாளில் விதையின் பெயரைப் பென்சிலால் எழுதுங்கள். பேனா மை ஈரத்தில் கரைந்து எனக்கு ஒருமுறை பெயரே இல்லாமல் போயிற்று; தக்காளி விதையை அதன்மேல் உள்ள மெல்லிய ரோமத்தை வைத்து அடையாளம் கண்டுவிடலாம், கத்தரியையும் மிளகாயையும் ஊறிய பின் பிரித்தறிவது எனக்கு முடியவில்லை.

ஐந்தாம் நாள் காலை மடிப்பைப் பிரித்தபோது, பழுப்பு விதைகளின் ஓரத்தில் அரிசி முனை போல வெண்மையாக, இரண்டு மில்லிமீட்டர் நீளத்துக்கு, வேர்கள் எட்டிப் பார்த்தன. எண்ணிப் பார்த்தேன், இருபத்தேழு. அன்றே அவற்றை மண்ணுக்கு மாற்றியிருந்தால் இந்தக் கட்டுரை இங்கேயே முடிந்திருக்கும். வேலை மிகுதியால் இரண்டு நாள் தள்ளிப்போட்டேன், மற்றவையும் முளைக்கட்டுமே என்று ஒரு சமாதானமும் சொல்லிக்கொண்டேன். இருட்டில், சூட்டில், வெளிச்சத்தைத் தேடி அந்த முளைகள் ஓடிய ஓட்டத்தைப் பார்க்க வேண்டும். ஏழாம் நாள் அவை சுண்டுவிரல் நீளத்துக்கு வெள்ளை நூலாக நீண்டு, வேர்களெல்லாம் டிஷ்யூவுக்குள் பின்னிக்கொண்டிருந்தன. பிரித்தெடுத்ததில் பாதி வேர்கள் அறுந்தன. மீதியை நட்டேன், நிற்கத் தெம்பில்லாமல் சாய்ந்தன. நாலைந்து நாளில் தண்டு மண்ணைத் தொடும் இடத்தில் கறுத்து இளைத்து, நாற்றழுகல் நோயில் ஒவ்வொன்றாக விழுந்தன. நான்காம் பொட்டலமும் போயிற்று. இரண்டு முறை சாதனம் தோற்றது என்று சொல்லிக்கொண்டிருந்த எனக்கு, மூன்றாம் முறை சொல்லிக்கொள்ள அந்தச் சாக்கும் இல்லை.

சூடு வேண்டியது வேர் எட்டிப் பார்க்கும் வரைதான். இரண்டு முதல் நான்கு மில்லிமீட்டர் வேர் தெரிந்ததும், முளைத்தவற்றை மட்டும் எடுத்து, வேரைத் தொடாமல் விதையின் உடம்பைப் பிடித்து, அரை சென்டிமீட்டர் ஆழத்தில் கோகோபீட் எனப்படும் தேங்காய் நார்த்தூளிலோ நாற்று மண்ணிலோ வைக்க வேண்டும். மீதி டப்பாவுக்கே திரும்பலாம். வேர் டிஷ்யூவில் ஏறியிருந்தால் பிய்க்காமல், அந்தத் துண்டைக் கத்தரிக்கோலால் வெட்டி விதையோடு சேர்த்தே நட்டுவிடலாம், தாள் மண்ணில் மக்கிவிடும். முளையில் முதலில் விரியும் விதையிலை வெளியே வந்த கணத்திலிருந்து சூட்டைவிட வெளிச்சமே முக்கியம். 18 முதல் 22 டிகிரி இருந்தால் நாற்று குட்டையாக, தடிப்பாக வளரும். தக்காளி நாற்று சற்று நீண்டுவிட்டால் விதையிலை வரை ஆழமாக நட்டுக் காப்பாற்றலாம், அதன் தண்டிலிருந்து வேர் விடும். கத்தரிக்கும் மிளகாய்க்கும் அந்த வித்தையை நம்பி இருக்கக் கூடாது.

இந்த உற்சாகத்தில் எல்லா விதையையும் டப்பாவுக்குள் போடத் தோன்றும். எனக்கும் தோன்றியது, லெட்டூஸ் விதையைப் போட்டு, ஒன்றுகூட முளைக்காமல் பார்த்தேன். அதற்குக் குளிர்ச்சிதான் பிடிக்கும், 30 டிகிரியை ஒட்டினால் பல வகைகள் உறக்கத்துக்குப் போய்விடும். ஸ்பினாச் கீரையும் அப்படியே. வெண்டைக்கு 30 டிகிரி மிகவும் பிடிக்கும். வெள்ளரி, பூசணி வகைகள் அந்தச் சூட்டில் மூன்று நாளில் முளைத்து, நாம் கவனிப்பதற்குள் வேரை நீட்டிவிடும், ஆகவே அவற்றைக் காலையும் மாலையும் பார்க்க வேண்டும். காரட் போன்ற கிழங்கு வேர் வகைகளை இப்படி முளைக்கவைத்து மாற்றி நட்டால் வேர் கோணலாகும். அவற்றை மண்ணிலேயே விதைப்பது மேல்.

பதினான்கு மிளகாய் விதைகளையும் கடைசியாக எடுத்தேன். எடுத்த அன்று தெர்மாமீட்டரைத் தேவையில்லாமல் எத்தனை முறை பார்த்தேன் என்று கணக்கில்லை. பகலில் 29, இரவில் 20. ஆறாம் நாள் ஒன்றுமில்லை. எட்டாம் நாள் காலை மூன்றில் வேர் தெரிந்தது. அவற்றைப் பல்குத்தும் குச்சியால் எடுத்து அப்போதே நட்டேன். பன்னிரண்டாம் நாளுக்குள் மொத்தம் பதினொன்று முளைத்தன. மற்ற மூன்றையும் இருபதாம் நாள் நகத்தால் அழுத்திப் பார்த்துவிட்டே எறிந்தேன். பதினொன்றும் இப்போது ஜன்னலோரத்தில் விதையிலைக்குப் பின் வரும் உண்மை இலைகள் நான்கோடு நிற்கின்றன. பருவம் ஆறு வாரம் பிந்திவிட்டதால் இந்த ஆண்டு காய் குறைவாகத்தான் இருக்கும், ஆனால் முதலில் பழுக்கும் காய்களைப் பறிக்காமல் செடியிலேயே விட்டு விதைக்கு எடுப்பதாக இருக்கிறேன். தயிர் மேக்கரைத் துடைத்து அலமாரியில் வைத்துவிட்டேன். அதற்குள் நாலாக மடித்த துணியும், எந்த இடைவெளிக்கு எத்தனை டிகிரி என்று குறித்த தாளும் இருக்கின்றன.